டொம்கெட்டை அப்பாச்சிக்குள் வைப்பதா, வெளியே வைப்பதா?

ஹட்டன் பக்கம் ஒரு தோட்ட அலுவலகத்தில் கணினி வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, அப்பாச்சி ஏற்கெனவே ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. டொம்கெட்டையும் அதுக்குள்ளேயே ஓட்டிட்டா ஒரே சேர்விஸ். கரண்ட் போய் வந்தாலும் ஒண்ணைப் பார்த்தாப் போதும். ரெண்டு எதுக்கு?"

நியாயமான கேள்வி. அப்பாச்சி என்பது வலைப் பக்கங்களைக் கொடுக்கும் வெப் சேர்வர்; டொம்கெட் என்பது ஜாவாவில் எழுதிய வலை மென்பொருள்களை ஓட்டும் சேர்வர். அவரிடம் இருப்பது ஒரே ஒரு கணினி. 8 ஜிபி மெமரி, உபுண்டு லினக்ஸ். அதில் பிஎச்பியில் எழுதிய பழைய அறிவித்தல் பக்கம் ஒன்று அப்பாச்சியில் ஓடுகிறது. இப்போது செக்ரோல் (தொழிலாளர் வரவுப் பதிவு), கொழுந்து நிறை, சம்பளம் மூன்றையும் பார்க்கும் ஜாவா மென்பொருள் ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. மாலைக் கொழுந்து நிறுத்து முடிந்ததும் ஒவ்வொரு டிவிஷனிலிருந்தும் கைபேசி வழியாகக் கணக்கு வந்து விழும். யாருக்குப் பேர் (முழுநாள் கணக்கு), யாருக்கு அரைப்பேர் என்பது அதை வைத்துத்தான். 10ஆம் திகதி சம்பளம் என்றால் அதற்கு முந்திய நாட்களில் அலுவலகமே இந்தச் சேர்வரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளியே வையுங்கள். தனிப் புரோசஸாக (தனியே ஓடும் மென்பொருளாக), கணினிக்குள் மட்டும் எட்டும், வெளியாருக்குத் தெரியாத லூப்பேக் முகவரியில், சாதாரண எச்டிடிபி புரொக்சி வழியாக, அதாவது அப்பாச்சி கோரிக்கையை வாங்கி டொம்கெட்டுக்குக் கடத்தும்படி. ஆனால் "உள்ளே வைப்பது" என்ற யோசனை முட்டாள்தனமானது அல்ல. ஒரு காலத்தில் கெட்டிக்காரர்களே அதைச் செய்தார்கள். ஏன் செய்தார்கள், ஏன் கைவிட்டார்கள் என்று தெரிந்துகொண்டால் நம் சின்ன சேர்வருக்கும் முடிவெடுப்பது லேசாகும்.

உள்ளே எப்படி ஓடும்

ஜாவா என்று கட்டளை கொடுக்கும்போது ஓடுவது ஒரு சின்னத் துவக்கி மட்டுமே. ஜாவா மென்பொருளை உண்மையில் ஓட்டும் ஜேவிஎம், வேறு மென்பொருள்களும் ஏற்றிக்கொள்ளக்கூடிய ஒரு பகிர்வு நூலகக் கோப்பாக இருக்கிறது; துவக்கி அதை ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. இதே வேலையை சி மொழியில் எழுதிய எந்த மென்பொருளும் செய்யலாம். ஜாவாவையும் சி மொழியையும் இணைக்கும் ஜேஎன்ஐ என்ற இடைமுகம் இருப்பது அதற்கும்தான். அப்பாச்சியின் மொட்யூல் (அதோடு சேர்த்துக்கொள்ளும் துணைப் பகுதி) ஒன்று அந்த நூலகத்தை ஏற்றி, தன் புரோசஸுக்குள்ளேயே ஜேவிஎம் ஒன்றை எழுப்பி, வரும் கோரிக்கையைக் கையில் வைத்திருக்கும் த்ரெட்டை (புரோசஸுக்குள் ஓடும் வேலை இழையை) அந்த ஜேவிஎம்மோடு இணைத்துவிட்டால் போதும். சேர்வ்லெட் (கோரிக்கைக்குப் பதில் தயாரிக்கும் ஜாவாப் பகுதி) அதே த்ரெட்டில் ஓடி, பதிலை நேராக அப்பாச்சியின் கையில் கொடுக்கும். இரண்டு புரோசஸ்கள் பேசிக்கொள்ளத் தேவைப்படும் சொக்கெட் என்ற இணைப்பு நடுவில் கிடையாது. கோரிக்கையைப் பொதியாகக் கட்டி அனுப்பி மறுபக்கம் பிரிக்கும் வேலையும் கிடையாது.

நெட்ஸ்கேப் வழிவந்த ஐபிளானெட் வெப் சேர்வரும், பின்னால் சன் நிறுவனம் அதையே தன் பெயரில் கொடுத்த வெப் சேர்வரும் இப்படித்தான் சேர்வ்லெட்டுகளைத் தங்கள் சொந்தப் புரோசஸுக்குள் ஓட்டின. அப்பாச்சி பக்கத்தில் டொம்கெட்டுக்கான மொட்-ஜேகே இணைப்பானில் இப்படி உள்ளே ஓட்டுவதற்கு ஜேஎன்ஐ என்று ஒரு வேர்க்கர் வகை (டொம்கெட்டோடு பேசும் வழி) இருந்தது. அதற்குப் பின் வந்த மொட்-ஜேகே2 இதை இன்னும் பெரிதாகச் செய்யப் பார்த்தது. 2004 நவம்பரில் அதன் வளர்ச்சியே நிறுத்தப்பட்டது. மொட்-ஜேகேயிலும் ஜேஎன்ஐ வேர்க்கர் "இனிப் பாவிக்க வேண்டாம்" என்ற பட்டியலுக்குப் போய்விட்டது. ஆகவே தம்பியின் யோசனையை இன்று அப்பாச்சியில் நிறைவேற்றுவதானால், கைவிடப்பட்ட ஒன்றைத் தூசி தட்ட வேண்டும் அல்லது சொந்தமாக மொட்யூல் எழுத வேண்டும். என்ஜின்எக்ஸ் என்ற இன்னொரு வெப் சேர்வர் பக்கத்தில் ஜேவிஎம்மை அதன் வேர்க்கர் புரோசஸுக்குள் ஏற்றும் மொட்யூல் ஒன்று உண்டு. அதைப் பாவிப்பவர்கள் என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்பவர்கள்.

மிச்சப்படுவது எவ்வளவு

சொக்கெட் வேண்டாம் என்பதால் நேரம் மிச்சப்படுமே என்றால், மிச்சப்படும்தான். ஒரே கணினிக்குள் லூப்பேக் வழியாக ஒரு செய்தி போய் வர ஆகும் நேரம் சில பத்து மைக்ரோ செக்கன். சரி, அதை அப்படியே பூச்சியமாக்கினோம் என்று வைத்துக்கொள்வோம். அதே கோரிக்கை டேட்டாபேஸில் ஒரு தேடலைச் செய்தால் அதற்குச் சில மில்லி செக்கன் போகும். மில்லி என்றால் மைக்ரோவைப் போல ஆயிரம் மடங்கு. பொகவந்தலாவைப் பக்கத்து மலைச்சரிவில் ஒரு டிவிஷனிலிருந்து கைபேசி அலைவரிசையில் கணக்கு வந்து சேரும் நேரத்தைச் சொல்லவே வேண்டாம். மழை இறங்கினால் சிக்னல் ஒரு கோட்டில் வந்து நிற்கும், அனுப்பு பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். இந்தப் பயணத்தில் கடைசி அடியில் சில பத்து மைக்ரோ செக்கனைக் குறைத்து யாருக்கு என்ன?

2000ஆம் ஆண்டுவாக்கில் நிலைமை வேறு. ப்ரொசசர் மெதுவானது, மெமரி குறைவு, புரோசஸ் மாறும் ஒவ்வொரு தடவையும் வலித்தது. அன்று இந்த மிச்சத்துக்கு அர்த்தம் இருந்தது.

ஒரு ஜேவிஎம் அல்ல, பல ஜேவிஎம்

தம்பி மனதில் இருக்கும் படம் இது: ஒரு அப்பாச்சி, அதற்குள் ஒரு ஜாவா. சிக்கலே இந்தப் படத்தில்தான்.

லினக்ஸில் அப்பாச்சி ஒரே புரோசஸ் அல்ல. தாய்ப் புரோசஸ் ஒன்றும் அதன் கீழ்ப் பல சைல்ட் புரோசஸ்களும் இருக்கும். கோரிக்கைகளைக் கையாள்வது சைல்ட்கள். உபுண்டுவில் பிஎச்பியை அப்பாச்சியின் மொட்யூலாகப் போட்டால் அப்பாச்சி ப்ரீஃபோர்க் (சைல்ட்களை முன்கூட்டியே பிறப்பித்து வைக்கும்) முறைக்கு மாறிவிடும். ஒரு சைல்ட் ஒரு நேரத்தில் ஒரு இணைப்பைத்தான் பார்க்கும். தம்பியின் கணினியில் ஓடுவது அதுவேதான். தொடங்கும்போதே 5 சைல்ட்கள் எழும். கூட்டம் வந்தால் கூடும்.

தாய்ப் புரோசஸில் ஜேவிஎம் ஒன்றை எழுப்பிவிட்டு அதைப் பிறகு எல்லாச் சைல்ட்களுக்கும் பிரித்துக் கொடுக்கலாமே என்றால், அது நடக்காது. ஃபோர்க் பண்ணும்போது, அதாவது தாய் தன்னைப் பிரதியெடுத்துச் சைல்டைப் பிறப்பிக்கும்போது, அதைக் கூப்பிட்ட த்ரெட் மட்டுமே புதுப் புரோசஸில் உயிரோடு இருக்கும். ஜேவிஎம்மின் குப்பை அள்ளும் த்ரெட்டுகள், கம்பைலர் த்ரெட்டுகள் எதுவும் கூட வராது. ஆகவே ஒவ்வொரு சைல்டும் பிறந்த பிறகு தனக்கென்று ஒரு ஜேவிஎம்மை எழுப்ப வேண்டும். பத்து சைல்ட் என்றால் பத்து ஜேவிஎம்.

முதல் அடி மெமரியில் விழும். ஹீப் (ஜாவா தன் தரவை வைத்துக்கொள்ளும் மெமரி) அளவைச் சொல்லாமல் விட்டால், ஜேவிஎம் கணினியின் மொத்த மெமரியில் கால் பங்குவரை எடுத்துக்கொள்ளலாம் என்று தானே முடிவு செய்துகொள்ளும். 8 ஜிபியில் அது 2 ஜிபி. பத்து ஜேவிஎம்மும் அப்படியே நினைத்துக்கொள்ளும். கட்டுப்படுத்தி ஒவ்வொன்றுக்கும் 512 எம்பி கொடுத்தாலும் ஹீப் மட்டும் 5 ஜிபி. மெட்டாஸ்பேஸ், கோட் கேஷ், த்ரெட் ஸ்டாக் என்று ஜேவிஎம் கேட்கும் மற்ற மெமரி எல்லாம் அதற்கு மேல். டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல்லுக்கு என்ன மிஞ்சும்?

மெமரியைக்கூட காசு போட்டு வாங்கிவிடலாம். இரண்டாவது சிக்கலுக்குக் காசு உதவாது. ஜாவா மென்பொருள் தன்னை ஒற்றை ஆள் என்று நம்பி எழுதப்பட்டிருக்கும். கிளார்க் ஒருவர் உள்நுழைகிறார்; அவருடைய செஷன் (உள்நுழைந்திருப்பவர் யார் என்ற குறிப்பு) மூன்றாவது சைல்டின் மெமரியில் பதிகிறது. அடுத்த பக்கத்தைத் திறக்கிறார். கோரிக்கை ஏழாவது சைல்டுக்குப் போகிறது. அங்கே அவரை யாருக்கும் தெரியாது. மறுபடியும் உள்நுழையச் சொல்லும். மறுபடியும் கடவுச்சொல்லை அடிக்கிறார், இந்தத் தடவை வேறு சைல்ட். அவர் கீபோர்டைத் தள்ளிவிட்டுப் பழைய பேரேட்டை எடுத்துவிடுவார்.

இன்னொன்று இதைவிட மோசம், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாது. நள்ளிரவில் தானாக ஓடி அன்றைய கொழுந்து நிறையைக் கூட்டி, ஊழியர் சேமலாப நிதிக்கு 8, முதலாளி பங்காக 12, நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் என்று கணக்குப் போடும் திட்டமிட்ட வேலை ஒன்று இந்த மென்பொருளுக்குள் இருக்கிறது. ஜேவிஎம் பத்து என்றால் அந்த வேலையும் நள்ளிரவில் பத்துத் தடவை ஓடும். எழுதியவர் இரட்டிப்பைத் தடுக்கக் கவனமாகப் பூட்டுப் போட்டிருந்தால் தப்பினோம். போடாவிட்டால் சம்பளத் துண்டில்தான் தெரியவரும். அதைத் தோட்டத்தில் போய் விளக்கிப் பாருங்கள்!

டேட்டாபேஸ் இணைப்புகளும் இதே கணக்கில் பெருகும். இன்று பல ஜாவா மென்பொருள்கள் பாவிக்கும் ஹிகாரி இணைப்புக் குளம் (டேட்டாபேஸ் இணைப்புகளைத் திறந்து தயாராக வைத்திருக்கும் நூலகம்) இயல்பாக 10 இணைப்புகள்வரை திறக்கும். மைஎஸ்கியூஎல் இயல்பாக ஏற்கும் மொத்த இணைப்பு 151. சைல்ட்கள் 16 ஆகும்போது 160 இணைப்பு கேட்கும். மாலையில் எல்லா டிவிஷனும் ஒரே நேரத்தில் கணக்கு அனுப்பும் அந்த அரை மணித்தியாலத்தில்தான் சைல்ட்கள் கூடும், அப்போதுதான் "இணைப்புகள் அதிகம்" என்று டேட்டாபேஸ் கையை விரிக்கும்.

கூட்டம் குறைந்ததும் அப்பாச்சி என்ன செய்யும்? சும்மா இருக்கும் சைல்ட்கள் 10க்கு மேல் போனால் மிகுதியைக் கொன்றுவிடும். பிஎச்பிக்கு அது நல்லது. ஜேவிஎம்முக்கு அது கொலை. ஜாவா ஓட ஓடத்தான் வேகம் எடுக்கும். அடிக்கடி ஓடும் பகுதிகளை அது இயந்திர மொழிக்கு மாற்றி வைத்துக்கொள்வது மெல்ல மெல்ல நடக்கும். சூடேறி வரும் ஒன்றைக் கொன்று, அடுத்த கூட்டத்துக்குப் புதிதாக ஒன்றைப் பிறப்பித்து, வகுப்புகளை எல்லாம் முதலிலிருந்து ஏற்றுவது என்பது, மிச்சம் பிடித்த மைக்ரோ செக்கன்களைச் செக்கன் கணக்கில் திருப்பிக் கொடுப்பது.

ப்ரீஃபோர்க்கை விட்டு ஈவென்ட் முறைக்குப் போனால் சைல்ட்கள் குறையும், ஒவ்வொன்றிலும் 25 த்ரெட் இருக்கும். குறையுமே தவிர ஒன்றாகாது. ஒன்றாக்க வேண்டுமானால் சைல்ட் எண்ணிக்கையை 1 என்று கட்டி, அதன் த்ரெட்டுகளைக் கூட்ட வேண்டும். முடியும். விண்டோஸில் அப்பாச்சி இயல்பாகவே அப்படித்தான், ஒரே சைல்ட், அதற்குள் பல த்ரெட். உள்ளே வைக்கும் முறை அங்கேயும் ஐபிளானெட்டிலும் ஓரளவு பொருந்தியதற்குக் காரணம் இதுதான். ஆனால் ஒரே சைல்ட் என்று கட்டிப்போட்ட பிறகு அது விழுந்தால் தாங்கிப் பிடிக்கப் பக்கத்தில் இன்னொரு சைல்ட் இல்லை.

விழும்போது யார் யார் சேர்ந்து விழுகிறார்கள்

நான் எடைபோடுவது முக்கியமாக இதை வைத்துத்தான். லயத்தில் ஒரு வீட்டில் நெருப்புப் பிடித்தால் கூரை ஒன்று என்பதால் வரிசையே எரியும். ஒரே புரோசஸுக்குள் இருவரைக் குடிவைத்தால் அதே கதைதான்.

ஜாவாவில் எழுதிய நிரலால் மட்டும் ஜேவிஎம் விழுவது அபூர்வம். ஜேஎன்ஐ வழியாக வரும் சி நூலகங்கள்தான் விழுத்தும். தம்பியின் மென்பொருளில் அப்படி ஒன்று உண்டு: அலுவலக ஸ்டோரில் இருக்கும் மின்னணுத் தராசின் சீரியல் போர்ட்டைப் படிக்கும் நூலகம். யுஎஸ்பி வயரை யாராவது நடுவில் பிடுங்கினால் அது எந்த நிலையில் எந்த முகவரியைத் தொடும் என்று சொல்ல முடியாது. தொட்டுவிட்டால் ஜேவிஎம் ஒரு விபத்து அறிக்கைக் கோப்பை எழுதிவைத்துவிட்டுச் செத்துவிடும். தனியாக இருந்தால் செத்தது டொம்கெட் மட்டும். உள்ளே இருந்தால் அந்த அப்பாச்சி சைல்டும், அதில் இருந்த எல்லாக் கோரிக்கைகளும் சேர்ந்து போகும். அறிவித்தல் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கும் தராசுக்கும் என்ன சம்பந்தம்? தராசை டொம்கெட்டிலிருந்தும் பிரித்து, தனியாக ஒரு குட்டி மென்பொருளாக வைக்கச் சொல்லியிருக்கிறேன், அது வேறு விஷயம்.

எதிர்ப் பக்கமும் உண்டு. மெமரி முட்டினால் லினக்ஸ் பெரும்பாலும் அதிக மெமரி பிடித்திருக்கும் புரோசஸைத் தேடிக் கொல்லும். ஜேவிஎம்மைச் சுமக்கும் அப்பாச்சி சைல்ட்தான் அப்போது முதல் பலி.

சிக்னல் (கைபேசிச் சிக்னல் அல்ல, இயங்குதளம் ஒரு புரோசஸுக்கு அனுப்பும் அறிவிப்பு) விவகாரம் கொஞ்சம் நுணுக்கமானது. தவறான முகவரியைத் தொட்டால் இயங்குதளம் அனுப்பும் சிக்னலை ஜேவிஎம் சாதாரண வேலைகளுக்கே பாவித்துக்கொள்கிறது. எதையும் சுட்டாத வெற்றுச் சுட்டியை (null) நிரல் தொடும்போது அதைப் பிடிப்பதற்கும் அதுதான் வழி. அப்பாச்சியோ வேறு மொட்யூலோ அதே சிக்னலுக்குத் தன் கையாளியைப் போட்டால் இருவரும் மோதிக்கொள்வார்கள். இதற்காகவே ஜாவாவோடு சிக்னல்களைச் சங்கிலியாகக் கோக்கும் தனி நூலகம் ஒன்று வருகிறது. அப்படி ஒன்று தேவைப்பட்டிருக்கிறது என்பதே போதுமான எச்சரிக்கை என்பது என் எண்ணம்.

ரீலோட் பற்றியும் சொல்ல வேண்டும். எச்டிடிபிஎஸ்ஸுக்குப் பாவிக்கும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் பழைய வழக்கப்படி 90 நாளைக்கு. புதுப்பித்ததும் அப்பாச்சியை ரீலோட் பண்ண வேண்டும். பதிவுக் கோப்புகளைச் சுழற்றும் ஏற்பாடும் உபுண்டுவில் தினமும் அப்பாச்சியை ரீலோட் பண்ணும். ரீலோட் என்றால் பழைய சைல்ட்கள் கையில் உள்ள கோரிக்கையை முடித்துவிட்டு வெளியேறும், புதியவை பிறக்கும். யாருக்கும் தெரியாமல் நடக்கும் நாகரிகமான வேலை. ஆனால் ஜேவிஎம் உள்ளே இருந்தால் அத்தனை ஜேவிஎம்மும், அவற்றில் இருந்த செஷன்களும் சேர்ந்து போய்விடும். ஒரு புரோசஸில் ஜேவிஎம்மை ஒரு தடவைதான் எழுப்ப முடியும், அணைத்துவிட்டு மறுபடி எழுப்ப முடியாது. அதனால் ஜாவாவை மட்டும் புதிதாக எழுப்ப வேண்டி வந்தாலும் அப்பாச்சியையே ஆட்ட வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றி நீட்ட ஒன்றும் இல்லை. உள்ளே என்றால் பிஎச்பியும் ஜாவாவும் ஒரே பயனர் பெயரில் ஓடும். பழைய பிஎச்பிப் பக்கத்தில் ஒரு ஓட்டை இருந்தால் சம்பள டேட்டாபேஸின் கடவுச்சொல் இருக்கும் கோப்பை அது வழியாகப் படிக்கலாம். வெளியே என்றால் டொம்கெட்டுக்குத் தனிப் பயனர் பெயர் கொடுத்துக் கோப்பைப் பூட்டிவிடலாம்.

கரண்ட் போய் வரும்போது

தம்பியின் உண்மையான கவலை இதுதான். தென்மேற்குப் பருவமழையில் ஹட்டன், வட்டவளைப் பக்கம் மரம் விழுந்து லைன் அறுந்தால் கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பதுளை, பண்டாரவளைப் பக்கத்துக்காரர்களுக்கு இதே கஷ்டம் வருடக் கடைசியில் வரும். பருவம் மாறும் ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் இடி மின்னல். யுபிஎஸ் கொஞ்ச நேரம் தாங்கும். பிறகு எல்லாம் அணையும். பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பும்.

அணைந்த விதம் சரியில்லை என்றால் மைஎஸ்கியூஎல் எழும்பும்போது தன் தரவைச் சரிபார்த்து மீட்க நேரம் எடுக்கும். ஜாவா மென்பொருள் அதற்கு முன் எழும்பி, டேட்டாபேஸைக் காணாமல், பிழையோடு நின்றுவிடும். தனிச் சேர்விஸ் என்றால், லினக்ஸில் சேர்விஸ்களை எழுப்பிப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்டியில் "விழுந்தால் மறுபடி எழுப்பு, நடுவில் 20 செக்கன் பொறு" என்று இரண்டு வரி எழுதிவைத்தால் டேட்டாபேஸ் தயாராகும்வரை தானாக முயன்று கடைசியில் எழும்பிவிடும். அதுவரை அப்பாச்சி விழித்துத்தான் இருக்கும்.

உள்ளே வைத்தால், ஜேவிஎம் எழும்பாத சைல்டை என்ன செய்வது என்ற முடிவு மொட்யூல் எழுதியவர் கையில். சைல்ட் செத்தால் தாய் உடனே இன்னொன்றைப் பிறப்பிக்கும், அதுவும் சாகும். பதிவுக் கோப்பு நிரம்பும், எந்தப் பக்கமும் திறக்காது. கண்டியிலிருந்து கைபேசி வழியாக உள்ளே போய்ப் பார்ப்பவருக்கு அப்பாச்சியில் கோளாறா, ஜாவாவிலா, டேட்டாபேஸிலா என்று பிரித்தறியவே பாதி ராத்திரி போய்விடும். "ஒன்றைப் பார்த்தால் போதும்" என்று நினைத்தது இங்கேதான் தலைகீழாகிறது. இரண்டு சேர்விஸ் என்றால் எது எழும்பவில்லை என்று ஒரு கட்டளையில் தெரியும். மண்சரிவு என்று பாதையை மூடிவிட்டால் நேரில் போய்ப் பார்க்கவும் வழியில்லை என்பதால், இது எனக்குச் சின்ன விஷயம் அல்ல.

வெளியே என்றால் எந்த வழியில்

இரண்டு வழி: ஏஜேபி, எச்டிடிபி.

ஏஜேபி என்பது அப்பாச்சிக்கும் டொம்கெட்டுக்கும் இடையில் பேசவென்றே செய்த பைனரி நெறிமுறை, வழக்கமாக 8009 போர்ட்டில். பயனரின் ஐபி முகவரி, இணைப்பு மறையாக்கப்பட்டதா என்ற தகவல் எல்லாம் தானாகவே டொம்கெட்டுக்குப் போய்ச் சேரும். அதனால்தான் பல காலம் அதுவே வழக்கமாக இருந்தது. 2020 பெப்ரவரியில் கோஸ்ட்கெட் என்ற ஓட்டை வெளியே வந்தது. 8009 போர்ட்டை எட்ட முடிந்த யாரும் மென்பொருளின் உட்கோப்புகளைப் படிக்கலாம் என்ற நிலை. ஏஜேபியின் அந்தப் பக்கம் இருப்பவரை டொம்கெட் கண்ணை மூடிக்கொண்டு நம்பியதே காரணம். 9.0.31 பதிப்பிலிருந்து ஏஜேபி இயல்பாக மூடப்பட்டே வருகிறது. திறந்தாலும் லூப்பேக்கில் மட்டும் கேட்கும், இரகசியச் சொல் கட்டாயம். அந்த இரகசியச் சொல்லை அப்பாச்சியின் ஏஜேபி புரொக்சி 2.4.42 பதிப்பிலிருந்துதான் கொடுக்கும். இதற்கு மேல், கோரிக்கையின் தலைப்புகள் (அதோடு போகும் விவர வரிகள்) 8 கேபி தாண்டினால் இடறும், வெப்சொக்கெட் என்ற இருவழித் தொடர் இணைப்பு போகாது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால், பூட்டுப் போட்டுவிட்டு விடுங்கள். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எச்டிடிபி புரொக்சியில் கூடுதல் வேலை இரண்டுதான். பயனரின் உண்மையான ஐபி தலைப்பில் தானாகப் போகும், வெளியே எச்டிடிபிஎஸ்ஸா என்பதைத் தலைப்பில் அனுப்ப அப்பாச்சியில் ஒரு வரி எழுத வேண்டும், அவற்றை நம்பிப் படிக்கும்படி டொம்கெட்டில் ரிமோட் ஐபி வால்வு என்ற பகுதியைப் போட வேண்டும். போடாவிட்டால் பதிவேட்டில் எல்லாக் கோரிக்கையும் 127.0.0.1 இலிருந்து வந்ததாக இருக்கும், யார் கணக்கை மாற்றினார்கள் என்று விசாரணை வந்தால் கையைப் பிசைய வேண்டியதுதான். எச்டிடிபியின் பெரிய இலாபம், அப்பாச்சியை விலக்கிவிட்டு கர்ல் கட்டளையால் நேராக டொம்கெட்டைத் தட்டிப் பார்க்கலாம். பதில் வந்தால் கோளாறு அப்பாச்சிப் பக்கம், வராவிட்டால் டொம்கெட் பக்கம்.

லூப்பேக் முகவரியில் போர்ட் திறப்பதைக்கூட விரும்பாதவர்களுக்கு, ஒரு கோப்பு வழியாகப் பேசும் யுனிக்ஸ் சொக்கெட் உண்டு. அப்பாச்சி புரொக்சி 2.4.7 இலிருந்து அதைப் பேசும். டொம்கெட்டின் புதிய பதிப்புகளும் ஜாவா 16 அல்லது அதற்கு மேல் இருந்தால் பேசும். போர்ட்டே திறக்காது என்பது நல்லது. ஆனால் அடுத்து வந்து பார்ப்பவர் போர்ட்டைத் தேடிக் குழம்புவார். இந்த அலுவலகத்துக்கு வேண்டாம்.

தலைகீழான வழி

ஒரே புரோசஸ்தான் வேண்டும் என்று தம்பி அடம்பிடித்தால் அதற்கும் மரியாதையான வழி இருக்கிறது: ஜாவாவை வெப் சேர்வருக்குள் வைக்காமல், வெப் சேர்வரை ஜாவாவுக்குள் வைப்பது. ஜெட்டி என்ற ஜாவா வெப் சேர்வர் நெடுங்காலமாக இதற்குப் பெயர் போனது. 2014இல் ஸ்பிரிங் பூட் என்ற ஜாவாக் கட்டமைப்பின் 1.0 வந்த பிறகு டொம்கெட்டையே ஒரு ஜார் கோப்புக்குள் (ஜாவா மென்பொருளின் பொதிக்குள்) வைத்துக் கட்டுவது சாதாரணமாகிவிட்டது. புரோசஸ் ஒன்று, ஜேவிஎம் ஒன்று, செஷன் ஒரே இடத்தில், நள்ளிரவு வேலை ஒரு தடவை. மேலே சொன்ன சிக்கல்கள் பெரும்பாலும் இங்கே இல்லை, ஏனென்றால் வீட்டுக்காரர் ஜேவிஎம். த்ரெட்டும் சிக்னலும் அதன் கையில்.

1024க்குக் கீழ்ப்பட்ட போர்ட்டை ரூட் (நிர்வாகி) அல்லாத பயனர் திறக்க முடியாது என்பதால் எச்டிடிபிஎஸ்ஸுக்கான 443ஐப் பிடிக்கச் சிஸ்டம்டியில் தனி அனுமதி எழுத வேண்டும், சான்றிதழ் புதுப்பித்தலையும் ஜாவாவுக்குத் தெரிவிக்க வேண்டும். இந்த மென்பொருள் மட்டுமே ஓடும் கணினி என்றால் நான் இதையே சொல்லியிருப்பேன். ஆனால் பிஎச்பிப் பக்கம் ஒன்று அங்கே இருக்கிறது, அது போகாது, தோட்டத் துரை வாசிக்கிறார். ஆகவே அப்பாச்சி முன்னால், உட்பொதிந்த டொம்கெட்டோடு ஜார் பின்னால், நடுவில் எச்டிடிபி.

அமைக்கும்போது

ஜார் இயல்பாக எல்லா முகவரியிலும் 8080இல் கேட்கும். அதை 127.0.0.1 என்று கட்டுங்கள், இல்லாவிட்டால் அலுவலக வைஃபையில் உள்ள யாரும் அப்பாச்சியைச் சுற்றிக்கொண்டு உள்ளே வரலாம். ஹீப்புக்கு 1 ஜிபி போதும், மைஎஸ்கியூஎல்லின் பஃபருக்கு 2 ஜிபி கொடுங்கள், மீதி அப்பாச்சிக்கும் இயங்குதளத்துக்கும். புரொக்சியின் காத்திருப்பு நேரம் உபுண்டுவில் இயல்பாக 300 செக்கன். மாதச் சம்பள அறிக்கை அதற்கு மேல் எடுக்கும் என்றால் அந்த முகவரிக்கு மட்டும் கூட்டுங்கள், எல்லாவற்றுக்கும் கூட்டாதீர்கள்.

பலர் தவறவிடும் ஒன்று, அப்பாச்சி டொம்கெட்டைத் தொட்டுப் பார்த்துப் பதில் இல்லை என்றால், அடுத்த 60 செக்கன்கள் மறுபடி தொட்டுப் பார்க்காது. டொம்கெட் பத்தாவது செக்கனிலேயே எழும்பிவிட்டாலும் மீதி ஐம்பது செக்கன் எல்லோருக்கும் 503 (சேவை இப்போது இல்லை) பிழைதான் போகும். "சேர்வர் வந்துருச்சுன்னீங்க, இன்னும் வரலையே" என்று தொலைபேசி வருவது இதனால்தான். புரொக்சி வரியில் ரீட்ரை என்ற அளவை 5 ஆக்குங்கள்.

அந்த 503க்கும் ஒரு பக்கம் எழுதிவையுங்கள், தமிழிலும் சிங்களத்திலும்: "கணக்கு சேர்வர் இப்போது நின்றிருக்கிறது. நிறைத் துண்டை வைத்திருங்கள், கொஞ்ச நேரம் கழித்து அனுப்புங்கள்." அப்பாச்சி உயிரோடு இருந்தால்தான் இந்தப் பக்கத்தைக் காட்ட முடியும்.

மாற்றத்தை 10ஆம் திகதி சம்பளம் முடிந்த பிறகு செய்யுங்கள். செய்துவிட்டு, காலையில் கொழுந்து நிறுத்து தொடங்குவதற்கு முன் டொம்கெட்டை மட்டும் வேண்டுமென்றே கொன்று பாருங்கள். அறிவித்தல் பக்கம் திறக்க வேண்டும், கணக்குப் பக்கத்தில் அந்தத் தமிழ் வரி வர வேண்டும், கொஞ்ச நேரத்தில் உள்நுழைவுப் பக்கம் தானாகத் திரும்ப வேண்டும். பிறகு கணினியின் பிளக்கைப் பிடுங்கி, மறுபடி போட்டு, எதையும் தொடாமல் இதே மூன்றையும் இன்னொரு தடவை பாருங்கள்.